காஸ்பர் ஷ்மைக்கேல் அப்பா பெயரில் ஓட்டியவரா? நண்பனோடு ஒரு வாரச் சண்டை

இடதுகால் கேட்டது:

ஒரு வாரமாக நண்பன் ஒருவனோடு சண்டை. இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

பழைய ஆட்டங்களை உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம். போன வாரம் 2018 உலகக் கோப்பை, டென்மார்க்கும் குரோஷியாவும். கூடுதல் நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது குரோஷியாவின் லூகா மோட்ரிச் பெனால்டி அடிக்கிறார், டென்மார்க் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் தடுக்கிறார். கேமரா காஸ்பரைச் சரியாகக் காட்டி முடிப்பதற்குள் பார்வையாளர் பகுதிக்குத் தாவிவிடுகிறது. அங்கே அப்பா, அந்தக் காலத்து டென்மார்க் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேல், முஷ்டியை ஆட்டிக்கொண்டு கத்துகிறார். நண்பன் சொன்னான்: "பார்த்தாயா, தடுத்தது பையன், காட்டுவது அப்பனை. அவருடைய கதையே இவ்வளவுதான்."

அங்கே பிடித்தது வாக்குவாதம். அவன் கட்சி இது: அப்பா மான்செஸ்டர் சிட்டியில் இருந்தபோதுதான் பையனை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஸ்வென் யோரான் எரிக்சன் என்ற கோச் போன இடத்துக்கெல்லாம் இவரையும் தூக்கிக்கொண்டு போனார். டென்மார்க் அணியில் இடம் கிடைத்தது பெயருக்காக. லெஸ்டர் 2016இல் பிரீமியர் லீக் பட்டம் வென்றது வார்டி, மாரெஸ், கான்டே போட்ட உழைப்பு. கோல்கீப்பர் கூட நின்றார், அவ்வளவே.

எனக்கு அது தப்பு என்று உள்ளுக்குள் தெரிகிறது. ஆனால் பதில் சொல்லப் போனால் கையில் சரக்கு இல்லை. நான் கால்பந்து பார்க்க ஆரம்பித்ததே 2014க்குப் பிறகு. குறிப்பாக ஒரு விஷயம் புரியவே இல்லை: பிரீமியர் லீக்கில் ஆடி முடித்த ஒருவர் 22 வயதில் நான்காம் டிவிஷனுக்கு ஏன் போனார்? அப்பா செல்வாக்கு அவ்வளவு இருந்தால் அங்கே போக வேண்டிய அவசியம் என்ன? அந்தக் காலத்தில் நேரில் பின்தொடர்ந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.


பழைய கோலி எழுதியது:

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு சின்ன உரிமை இருக்கிறது. நான் 11 வருடம் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவன், பெரிய மட்டத்தில் இல்லை. என் அப்பாவும் அதே இடத்தில், அதே சின்னக் கிளப்புக்கு நின்றவர். நான் ஒரு கோல் விட்டால் எதிரணி ரசிகர்கள் என்னைத் திட்ட மாட்டார்கள். எங்கள் ஆட்களே "அவங்க அப்பாவா இருந்தா பிடிச்சிருப்பார்" என்பார்கள். அப்பா கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பார், வாயே திறக்க மாட்டார். அது இன்னும் கொடுமை. அதனால் காஸ்பரை 2007லிருந்தே ஒரு கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் நண்பர் சொல்வதில் முதல் பாதி சரி. பீட்டர் கடைசியாக ஆடிய சீசன் 2002-03, சிட்டிக்காக. காஸ்பர் அந்தக் கிளப்பின் இளையோர் அணிக்குள் வந்தது அந்தக் காலத்தில்தான். கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருந்தது. அதை மறுப்பது வீண்.

ஆனால் கோல்கீப்பர் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. ஸ்ட்ரைக்கரின் மகனுக்குச் சலுகை காட்ட வேண்டுமானால் 80வது நிமிடத்தில் இறக்கிவிடலாம், பத்து நிமிடம் ஓடிவிட்டுப் போகட்டும் என்று. கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. இருப்பது ஒரே இடம். ஒருவனை அங்கே நிறுத்தினால் 90 நிமிடமும் நிறுத்த வேண்டும், அவன் சொதப்பினால் கோச்சின் வேலை போகும். நண்பரின் மகன் என்று யாரும் அந்த இடத்தைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். சிட்டியும் கொடுக்கவில்லை. டார்லிங்டன், பரி, ஃபால்கிர்க் என்று சின்னக் கிளப்புகளுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியவரின் மகன் டார்லிங்டனில் கோல் உதை உதைத்துக்கொண்டிருந்தார்.

2007 ஜூலையில் எரிக்சன் சிட்டிக்குக் கோச்சாக வந்தார். ஸ்வீடன் கோல்கீப்பர் ஆன்ட்ரியாஸ் இசாக்சனுக்குக் காயம், அதனால் 20 வயது காஸ்பருக்கு வாய்ப்பு. வெஸ்ட் ஹாமை 2-0, டெர்பி கவுண்டியை 1-0, அப்புறம் மான்செஸ்டர் டெர்பியில் யுனைட்டெட்டை 1-0. முதல் மூன்று லீக் ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. அந்த மூன்றாவது ஆட்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பா எட்டு வருடம் ராஜாவாக நின்ற யுனைட்டெட்டுக்கு எதிராக, அதே நகரத்தின் நீலச் சட்டைக்காரர்களின் கோலில் மகன். நான்காவது ஆட்டம் ஆர்சனலோடு. ராபின் வான் பெர்சியின் பெனால்டியையும் தடுத்தார், ஆனால் ஃபாப்ரேகாஸ் ஒரு கோல் போட்டு ஆட்டம் போனது.

சரி, இப்படி ஆரம்பித்தவர் என்ன ஆனார்? அக்டோபரில் கார்டிஃப்புக்கு லோன். அடுத்த வருடம் கவென்ட்ரிக்கு லோன். சிட்டியில் அதே வயதுக்காரர் ஒருவர் இருந்தார், ஜோ ஹார்ட் என்று பெயர். 2009 தொடக்கத்தில் ஷே கிவனையும் வாங்கிவிட்டார்கள். மூன்றாவது ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்து நல்ல சம்பளம் வாங்கலாம். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. காஸ்பர் நான்காம் டிவிஷனில் இருந்த நாட்ஸ் கவுண்டிக்குப் போனார்.

எரிக்சன் அங்கே கால்பந்து இயக்குநராகப் போயிருந்தார், உண்மைதான். புது முதலாளிகள் பெரும் பணம் வருகிறது, சில வருடத்தில் பிரீமியர் லீக்குக்கே போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பணம் கானல் நீர். சால் கேம்ப்பெல் மாதிரி ஆளைக் கூட்டிவந்தார்கள், அவர் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நிலைமை புரிந்து கிளம்பிவிட்டார். 2010 பிப்ரவரியில் கிளப்பே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது, எரிக்சனும் போய்விட்டார். காஸ்பர் போகவில்லை. அந்த சீசன் முழுக்க நின்றார். நாட்ஸ் கவுண்டி அந்த டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே போனது. அதன் பிறகுதான் அவர் சம்பளத்தைக் கிளப்பால் தாங்க முடியாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: கோல்கீப்பருக்குப் பயிற்சி மைதானம் எதையும் கற்றுக்கொடுக்காது. சனிக்கிழமை சேற்றில், ஆறடி நாலு அங்குல சென்டர் ஃபார்வர்டு முழங்கையை உன் விலாவில் வைத்துக்கொண்டு நிற்கும்போது கார்னர் பந்தைப் பிடித்துப் பழக வேண்டும். அது பெஞ்சில் கிடைக்காது.

பிறகு ஒரு சீசன் லீட்ஸ். 2011 கோடையில் லெஸ்டர். அங்கேயும் கோச் எரிக்சன்தான், ஆகவே நண்பர் இங்கே மீசையை முறுக்கலாம். ஆனால் எரிக்சனை அந்த அக்டோபரிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலே மாதம். அதற்குப் பிறகு பியர்சன், ரனியெரி, ஷேக்ஸ்பியர், பியுவெல், ராட்ஜர்ஸ் என்று கோச்சுகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கோல்கீப்பர் மாறவில்லை. 11 வருடம், 479 ஆட்டம். இதில் எந்தக் கோச் பீட்டருக்கு எந்தக் கடன் பட்டிருந்தார்?

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். 2013, பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான ப்ளே ஆஃப் அரையிறுதி, வாட்ஃபர்ட் மைதானத்தில் கடைசி நிமிடம். லெஸ்டருக்குப் பெனால்டி. க்நோகேர் அடிக்கிறார், அல்முனியா தடுக்கிறார், திரும்பி வந்த பந்தையும் தடுக்கிறார். அங்கிருந்து பந்து மறுபக்கம் போய் ட்ராய் டீனி காஸ்பரின் வலைக்குள் அடித்துவிட்டார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட இருக்காது. பெனால்டி நம் பக்கம் என்று மூச்சுவிட்டு நிற்கும் கோல்கீப்பருக்கு அதைவிட மோசமான அரை நிமிடம் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பை வென்று பிரீமியர் லீக்குக்கு வந்தார்கள்.

2015-16 பற்றி "கூட நின்றார்" என்றாரா உங்கள் நண்பர்? 38 ஆட்டமும் ஆடினார். விட்டது 36 கோல். அதைவிட ஒரு தனிக் காட்சி சொல்கிறேன், அதைப் போட்டுக் காட்டுங்கள். 2015 நவம்பர் 28, லெஸ்டருக்கும் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கும் ஆட்டம், 24வது நிமிடம். யுனைட்டெட்டுக்குக் கார்னர். பந்து உள்ளே வருகிறது, காஸ்பர் கூட்டத்துக்கு மேலே ஏறிப் பிடிக்கிறார். சாதாரணமாக என்ன செய்வோம்? பந்தை மார்போடு அணைத்து ஒரு கணம் நின்று, எல்லாரையும் மேலே போகச் சொல்லி, ஆற அமர உதைப்போம். இவர் பிடித்த கையோடு முன்னால் வந்து வலப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் கிறிஸ்டியன் ஃபுக்ஸுக்கு எறிகிறார். ஃபுக்ஸ் கொண்டுபோய் ஒரு பாஸ், வார்டி ஓடுகிறார், கோல். தொடர்ந்து 11 பிரீமியர் லீக் ஆட்டங்களில் கோல் என்ற வார்டியின் சாதனை அதுதான். எல்லாரும் வார்டியைப் பார்த்தார்கள். நான் அந்த எறியைப் பார்த்தேன். 90களில் பீட்டர் யுனைட்டெட்டுக்காகச் செய்த அதே வேலை: கார்னரைப் பிடி, எதிரி திரும்புவதற்குள் பாதி மைதானத்துக்கு எறி, ஓரத்தில் ஓடும் கிக்ஸோ காஞ்செல்ஸ்கிஸோ ஓடட்டும். அப்பாவின் ஆயுதத்தை எடுத்து அப்பாவின் கிளப்பையே அடித்தார்.

இன்னொரு வேடிக்கை. பீட்டர் முதல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற நாள் 1993 மே 2. காஸ்பர் வென்ற நாள் 2016 மே 2. இருவருக்கும் அப்போது 29 வயது. இரண்டு பேருமே அந்த முடிவைத் தீர்மானித்த ஆட்டத்தில் ஆடவில்லை: 93இல் ஆஸ்டன் வில்லா ஓல்டமிடம் தோற்றது, 2016இல் டோட்டன்ஹாம் செல்சியோடு 2-2 சமன். இதற்கு எந்த அர்த்தமும் இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டென்மார்க் விஷயம் சுருக்கமாக. பீட்டர் 2001இல் விலகினார், 129 ஆட்டம். மகன் முதல் ஆட்டம் ஆடியது 2013 பிப்ரவரியில், 26 வயதில். பெயருக்காகக் கொடுத்திருந்தால் 20 வயதிலேயே கொடுத்திருப்பார்களே? அந்த முதல் ஆட்டத்திலும் மாசிடோனியாவிடம் 3-0 தோல்வி. அப்படி ஆரம்பித்தவர் 100 ஆட்டத்தைத் தாண்டினார். கோல் விடாமல் தொடர்ந்து ஆடிய நிமிடங்களில் அப்பா வைத்திருந்த 470 நிமிடத்தையும் 2018இல் தாண்டினார்.


பதினான்கு எழுதியது:

கோலி அண்ணன் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பெயர் சுமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜோர்டி க்ரைஃப்.

அவர் பெயரிலேயே கதை இருக்கிறது. 1974இல் பிறந்தார். அப்பா யோஹான் க்ரைஃப் அப்போது பார்சிலோனாவில் ஆடிக்கொண்டிருந்தார், ஸ்பெயினில் ஃப்ராங்கோவின் சர்வாதிகார ஆட்சிக் காலம். ஜோர்டி என்பது கத்தலான் பெயர், பதிய முடியாது என்று அதிகாரிகள் மறுத்தார்கள். குழந்தை பிறந்தது ஆம்ஸ்டர்டாமில். அங்கேயே பதிந்து வாங்கிய சான்றிதழை நீட்டி யோஹான் சாதித்தார். அந்தப் பெயரைத்தான் பின்னாளில் மகன் சட்டை முதுகில் போட்டுக்கொண்டார். க்ரைஃப் என்று போடவில்லை, ஜோர்டி என்று மட்டும். ஆனால் மான்செஸ்டர் யுனைட்டெட் போனபோது முதுகில் எண் என்ன தெரியுமா? 14. அப்பாவின் எண். பெயரைக் கழற்றினாலும் எண் ஒட்டிக்கொண்டது. (ஆமாம், என் பயனர் பெயர் அதிலிருந்துதான்.)

காஸ்பருக்கு இல்லாத ஒரு கஷ்டம் இவருக்கு இருந்தது: பார்சிலோனாவில் கோச்சே அப்பா. நன்றாக ஆடினால் அப்பா இறக்கிவிட்டார் என்பார்கள், மோசமாக ஆடினாலும் அப்பா இறக்கிவிட்டார் என்பார்கள். 1996 மே மாதம் கிளப் யோஹானை நீக்கியது. அடுத்த நாளே செல்டா விகோவோடு ஆட்டம், ஜோர்டி அணியில் இருக்கிறார். அரங்கம் முழுக்க நீக்கப்பட்டவர் பெயரைக் கத்துகிறது. 0-2 என்று பின்தங்கியிருந்த பார்சிலோனா 3-2 என்று வென்றது. அவரை மாற்றி வெளியே கூப்பிட்டபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது அவருக்கா, அப்பாவுக்கா? இரண்டு பேருக்கும்தான் என்று நினைக்கிறேன். 22 வயதுப் பையன் அந்தக் கைதட்டலைப் பிரித்து எடுத்துக்கொள்ள முடியுமா?

யுனைட்டெட்டில் காயங்கள், பெஞ்ச். நான்கு வருடம் போனது. 2000இல் அலாவெஸ் என்ற சிறிய கிளப்புக்குப் போனார், அடுத்த வருடமே யூஃபா கோப்பை இறுதி ஆட்டம், லிவர்பூலுக்கு எதிராக, டோர்ட்மண்டில். 3-4 என்று போய்க்கொண்டிருந்தது. கடைசி நிமிடங்களில் ஒரு கார்னர், ஜோர்டி தலையால் முட்டினார், 4-4. கூடுதல் நேரத்தில் அலாவெஸ் ஆளே தலையால் தம் வலைக்குள் திருப்பி, கோல்டன் கோலில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும் என்ற அப்போதைய விதி) ஆட்டம் முடிந்தது. என்னைப் பொறுத்தவரை நான் பார்த்த இறுதி ஆட்டங்களில் அதுதான் சிறந்தது. அதில் நான்காவது கோல் போட்டவரை யாரும் யோஹானின் மகன் என்று நினைத்துப் பார்த்திருக்க நேரமே இல்லை.


வெளியேநின்றவன் எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

எனக்கு 15 வயதில் ஒரு கிளப்பின் இளையோர் தேர்வு. காலை ஆறு மணிக்கே போய் நின்றோம். கோல்கீப்பர் இடத்துக்கு எட்டுப் பேர். ஒன்பதாவதாக, எல்லாம் பாதி முடிந்த பிறகு, ஷூ லேஸ்கூடக் கட்டாமல் ஒரு பையன் வந்தான். அந்தக் கிளப்பில் முன்பு ஆடியவரின் மகன். அவன் மூன்று பந்து பிடித்தான், இரண்டு விட்டான். அவன் உள்ளே, நான் வெளியே. அவன் பிறகு எங்கேயும் போகவில்லை என்பது எனக்கு ஆறுதலா? இல்லை. அந்த இடம் இரண்டு வருடம் வீணானது, அவ்வளவுதான்.

காஸ்பர் நல்ல கோல்கீப்பர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டார்லிங்டனில் லோன் கிடைப்பதற்கே முதலில் சிட்டிக்குள் இருக்க வேண்டும். "நான்காம் டிவிஷனுக்கு இறங்கினார், பாவம்" என்கிறீர்கள். அந்த நான்காம் டிவிஷன் பலருக்கு ஏறவே முடியாத மாடி.


இடதுகால் எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. வெளியேநின்றவன் சொன்னதை நண்பனுக்குக் காட்டக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன் :)

கோலி அண்ணா, அப்பா மாதிரியே ஆடுகிறார் என்று சொல்கிறார்களே, அந்தக் கை காலை விரிப்பது, அது உண்மையா? அப்புறம் அந்த 2018 ஆட்டம் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. சண்டை ஆரம்பித்ததே அங்கேதான்.


பழைய கோலி எழுதியது:

முதலில் வெளியேநின்றவனுக்கு. நீங்கள் சொல்வது நியாயம், நான் அதைத் தாண்டித்தான் போய்விட்டேன். என்னையும் அந்தச் சின்னக் கிளப்பில் முதல் நாள் யாரும் சோதிக்கவில்லை. அப்பாவின் பையன், கையுறையைப் போடு என்றார்கள். எனக்காக வெளியே நின்றவன் யார் என்று இன்று வரை யோசித்ததில்லை.

இப்போது அந்த விரிப்பு. ஸ்ட்ரைக்கர் ஆறடி தூரத்தில் பந்தோடு வந்துவிட்டான் என்றால் பாய்வதற்கு நேரமில்லை. ஒரு பக்கம் பாய்ந்தால் மறுபக்கம் காலி. அப்போது மார்பை நிமிர்த்தி, இரண்டு கையையும் இரண்டு காலையும் விரித்து நட்சத்திரம் போல் ஆகிவிட வேண்டும். பந்து எதில் பட்டாலும் சரி. ஹேண்ட்பால் கோல்கீப்பர்கள் செய்வது அது. டென்மார்க்கில் ஹேண்ட்பால் பெரிய விளையாட்டு, பீட்டரும் இளவயதில் ஆடியவர். சொல்லச் சுலபம். செய்யும்போது உடம்பு தானாகக் கண்ணை மூடி முகத்தைத் திருப்பும். திருப்பாமல் இருப்பதுதான் வித்தை. எனக்கு அது வரவே இல்லை, இடது சுண்டு விரல் இன்னும் கோணலாக இருக்கிறது. காஸ்பருக்கு வந்தது. ஆனால் அவர் அப்பாவைவிட உயரத்தில் கொஞ்சம் குறைவு, அதனால் அவரை எப்போதும் காப்பாற்றியது விரிப்பு அல்ல, கால் வேகம்தான். பெனால்டியில் அது இன்னும் தெரியும். 2017 சாம்பியன்ஸ் லீக்கில் செவியாவோடு இரண்டு ஆட்டத்திலும் ஒவ்வொரு பெனால்டி தடுத்தார். அதனால்தான் லெஸ்டர் காலிறுதி வரை போனது.

2018க்கு வருகிறேன். வேண்டுமென்றேதான் தள்ளிப் போட்டேன், ஏனென்றால் அந்த ஆட்டம் எனக்குக் கொஞ்சம் வலிக்கும்.

1992 யூரோ அரையிறுதி. டென்மார்க் அந்தப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை, யூகோஸ்லாவியாவை விலக்கியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர்கள். நெதர்லாந்தோடு 2-2, பெனால்டி. பீட்டர் தடுத்தது ஒன்றே ஒன்று, மார்கோ வான் பாஸ்டன் அடித்தது. டென்மார்க் இறுதிக்குப் போய்க் கோப்பையும் வென்றது.

மகன் 2018இல் ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கோரோடில், அந்தக் குரோஷியா ஆட்டத்தில், தடுத்தது மூன்று. 116வது நிமிடத்தில் மோட்ரிச், பிறகு பெனால்டி சுற்றில் படெல், பிவாரிச். மூன்று! ஆனால் எதிரே நின்ற சுபாசிச்சும் மூன்று தடுத்தார், எரிக்சன் (இவர் கிறிஸ்டியன், கோச் அல்ல), ஷோன, நிக்கோலாய் யோர்கென்சன். டென்மார்க் வீட்டுக்கு. மூன்று வருடம் கழித்து வெம்ப்லியில் யூரோ அரையிறுதி. ஹாரி கேன் பெனால்டி, முகத்தில் யாரோ லேசர் விளக்கை அடிக்கிறார்கள், அதையும் தடுத்தார். பந்து திரும்பி கேன் காலுக்கே போனது, கோல். அப்பா ஒன்று தடுத்துக் கோப்பை, மகன் நான்கு தடுத்து ஒன்றுமில்லை. அதற்காக அவரை அப்பாவைவிடக் குறைந்தவர் என்று சொல்ல என்னால் முடியாது. பெரியவர் என்றும் சொல்ல மாட்டேன். 90களின் பீட்டர் வேறு ஜாதி.

உங்கள் நண்பர் அந்தக் கேமராவைப் பற்றிச் சொன்னாரே, அதில் எனக்கு வேறொன்று தெரிகிறது. ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய ஒருவர், டிவி வர்ணனையெல்லாம் செய்து பழகியவர், அங்கே எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்துகிறார். என் அப்பா ஒரே ஒரு முறை கம்பத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார். நான் பெனால்டி தடுத்தபோது இல்லை. தடுத்த பந்து திரும்பி வந்துகொண்டிருந்தது, நான் கையைத் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். "பந்து!" என்றார். அவ்வளவுதான்.

ஐஸ்லாந்தில் ஒரு கதை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1996 ஏப்ரல் 24, டாலின் நகரில் எஸ்டோனியாவோடு ஐஸ்லாந்து ஆடியது. ஆர்னோர் குட்யான்சன், 34 வயது, வெளியே வருகிறார். அவருக்குப் பதில் உள்ளே போகிறவர் அவர் மகன் எய்துர், 17 வயது. கோட்டுக்கு அருகில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சொந்த மைதானத்தில் இரண்டு பேரையும் சேர்த்து ஆடவைக்கலாம் என்று காத்திருந்தார்கள். அடுத்த மாதமே எய்துருக்குக் கணுக்கால் போனது, அது நடக்கவே இல்லை. எய்துர் பின்னாளில் செல்சியோடு இரண்டு லீக் பட்டம், பார்சிலோனாவோடு சாம்பியன்ஸ் லீக் எல்லாம் வென்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மைதானத்தில் நின்றது மட்டும் ஒரு நிமிடம்கூட இல்லை.


பதினான்கு எழுதியது:

சேர்க்க ஒன்று. 2021 எஃப்.ஏ. கோப்பை இறுதியையும் சொல்லுங்கள். செல்சியின் மவுண்ட் அடித்ததை 87வது நிமிடத்தில் ஒற்றைக் கையால் தள்ளினாரே, கேப்டன் பட்டையோடு. லெஸ்டர் அதற்கு முன் நான்கு இறுதி ஆட்டம் தோற்ற கிளப்.


பழைய கோலி எழுதியது:

ஆமாம், அதை விட்டுவிட்டேன். சில்வெல் தலையால் முட்டியதைக் கம்பத்தில் தட்டிவிட்டதும் அதே ஆட்டம்தான். அதற்கடுத்த வருடம் நீஸ், பிறகு ஆண்டர்லெக்ட், பிறகு செல்டிக். 38 வயதில் கோபன்ஹேகனில் போர்ச்சுகலின் ரொனால்டோ அடித்த பெனால்டியையும் தடுத்தார், 2025 மார்ச், நேஷன்ஸ் லீக். அந்த ஆட்டம் டென்மார்க் 1-0. இந்த முறை தடுத்ததற்குப் பலன் கிடைத்ததே என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து லிஸ்பனில் தோள்பட்டை போனது. மாற்று ஆட்டக்காரர்கள் தீர்ந்துவிட்டதால் அந்தத் தோளோடு நின்று முடித்தார். டென்மார்க் 5-2 என்று தோற்று வெளியேறியது.


இடதுகால் எழுதியது:

அந்த 24வது நிமிடத்தைத் தேடிப் பிடித்து, எறிவதிலிருந்து கோல் வரை வெட்டி நண்பனுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது: "ஃபுக்ஸ் பாஸ் அருமை."